எத்தனை தடவை?

பளுப் பயிற்சி செய்கிறவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. தசை வளர வேண்டுமானால் ஒரு பளுவை இடைவிடாமல் எத்தனை தடவை தூக்க வேண்டும்? ஐந்தா, பத்தா, இருபத்தைந்தா? தென்காசியில் ஒரு மாடிக் கூடத்தில் மாலைதோறும் கூடும் நாங்கள் நால்வரும் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். மேடையேறி உடலைக் காட்டும் ஆசை எவருக்கும் இல்லை. ஆயினும் இவ்வழக்கில் எங்களுக்கும் பங்கிருக்கிறது. இருபது வயதில் இக்கேள்வி அழகைப் பற்றியது. ஐம்பதை நெருங்கும்போதோ, தரையில் அமர்ந்தவர் கை ஊன்றாமல் எழுவாரா என்பதைப் பற்றியதாகிவிடுகிறது.

எங்கள் மாஸ்டருக்கு இதில் ஐயமே கிடையாது. "அஞ்சு வரைக்கும் பலத்துக்கு, எட்டுல இருந்து பன்னிரண்டு சதைக்கு, பதினஞ்சுக்கு மேல போனா தம்முக்கு" என்பார். ஏறத்தாழ எல்லா ஜிம்களிலும் புழங்கும் வாய்பாடுதான் இது. ஆனால் இந்த எட்டும் பன்னிரண்டும் எங்கிருந்து வந்தன?

நம் பழைய பயிற்சிகளில் இந்த எண்கள் இல்லை. நெல்லைச் சீமையின் இளவட்டக்கல்லை எடுத்துக்கொள்வோம். குந்தி அமர்ந்து கல்லை அணைத்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளைத் தாண்டிப் பின்னால் எறிய வேண்டும். பணகுடி அருகே வடலிவிளையில் பொங்கலையொட்டி இன்றும் இதைப் போட்டியாகவே நடத்துகிறார்கள். அங்கே கணக்கு ஒன்றே ஒன்றுதான், தூக்கினாயா, இல்லையா? இதற்கு நேரெதிர் கர்லாக்கட்டை. அதைச் சுற்றுகிறவர்கள் நூற்றுக்கணக்கில் சுற்றுவார்கள். தண்டாலும் பஸ்கியும் அப்படியே. ஒன்றுக்கும் நூறுக்கும் இடையிலிருந்த வெளியில் நம்மவர்கள் எந்த வேலியும் போட்டிருக்கவில்லை.

1904-05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்த யூஜின் சாண்டோவும் போடவில்லை. இலேசான டம்பெல்லை மனம் ஒன்றிப் பலமுறை தூக்கச் சொன்னவர் அவர். நம் ஜவுளிக் கடைகளில் கையில்லாத பனியனுக்கு அவர் பெயர்தான். சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னும் அவர்தான் நின்றார்.

'பத்து' வந்தது போர்க்கால மருத்துவமனை ஒன்றிலிருந்து. இரண்டாம் உலகப்போரில் தொடையெலும்பு முறிந்து, முழங்கால் சேதமுற்றுப் படுத்திருந்த அமெரிக்கச் சிப்பாய்களின் தொடைகள் சூம்பிப்போயிருந்தன. தாமஸ் டிலோர்ம் என்ற ராணுவ மருத்துவர் அவர்களைக் கனமான பளு தூக்க வைத்தார். பத்து தடவைக்கு மேல் தூக்க இயலாத பளு எதுவோ, அதுவே அவருடைய அளவுகோல். 1945இல் அம்முறையைப் பற்றி எழுதினார். 1948இல் வாட்கின்ஸுடன் சேர்ந்து அதை மூன்று செட்டாகச் சுருக்கினார்: அந்தப் பளுவில் பாதி, முக்கால், முழுமை, ஒவ்வொன்றிலும் பத்து தடவை. உலகெங்கும் ஜிம்களில் ஒலிக்கும் 'மூணு செட், பத்து ரெப்ஸ்' என்பதன் மூதாதை இதுதான். அழகன் போட்டிக்காகப் பிறந்த எண் அல்ல, சூம்பிய தொடைக்காகப் பிறந்தது என்பதை நாங்கள் அறிந்தபோது எங்கள் விவாதத்தின் தொனியே மாறிவிட்டது.

டிலோர்மின் எண் பயனுள்ளது என்பதில் சந்தேகமில்லை. அது ஒன்றுதான் வழியா என்பதே கேள்வி. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்சப் பளுவில் 30 சதவீதத்தைக் கொண்டு, இனி முடியாது என்னும்வரை காலை நீட்டி மடக்கியவர்களுக்கும், 80 சதவீதத்தைக் கொண்டு செய்தவர்களுக்கும் பத்து வாரத்தில் தொடைத்தசை ஏறத்தாழ ஒரே அளவில் வளர்ந்திருந்தது. 2016இல் அதே பல்கலைக்கழகம், ஏற்கெனவே பயிற்சியில் இருந்த 49 இளைஞர்களைப் பன்னிரண்டு வாரம் சோதித்தது. 20 முதல் 25 தடவை தூக்கியவர்களுக்கும் 8 முதல் 12 தடவை தூக்கியவர்களுக்கும் தசை வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதன் பொருள், எண்ணிக்கை எதுவானாலும் ஒன்றே என்பதல்ல. பண்பொழித் திருமலைக் குமாரசாமி கோயிலுக்கு அறுநூற்றுக்கும் மேற்பட்ட படிகள். வாரந்தோறும் ஏறுகிறவரின் நெஞ்சுரமும் மூச்சும் செழிக்கும். ஆனால் தொடை ஓரளவுக்கு மேல் பருப்பதில்லை. ஒவ்வொரு படியும் தசைக்கு மிக எளிய வேலை. களைப்பது மூச்சு. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வும், உச்சப் பளுவில் 20 சதவீதம் என்ற அளவுக்கு இறங்கினால் வளர்ச்சி குறைகிறது என்று காட்டியது. மறுகோடியில், மிகக் கனமான பளுவை மூன்று மூன்று தடவையாகத் தூக்கியும் தசை வளர்க்கலாம். ஆனால் அதே பலனுக்குக் கூடுதல் செட்டுகள் வேண்டும். நேரமும் அதிகம், மூட்டுகளும் சோர்ந்துவிடும்.

பலம் என்பது வேறு கணக்கு. இளவட்டக்கல்லைத் தூக்க விரும்புகிறவன் கனமானதைத் தூக்கித்தான் பழக வேண்டும். இருபத்தைந்து தடவைக்காரனுக்குத் தசை வளரலாம், கல் எழும்பாமல் போகலாம். அந்த மட்டில் எங்கள் மாஸ்டர் சொல்வது சரியே.

ஆக, ஐந்துக்கும் முப்பதுக்கும் இடையில் எந்த எண்ணும் ஆகும் என்பதுதான் இன்றைய அறிவு. ஒரு நிபந்தனை: செட் முடியும்போது இன்னும் இரண்டொரு தடவைதான் முடியும் என்ற நிலையை எட்டியிருக்க வேண்டும். பன்னிரண்டு என்று எண்ணி, இன்னும் பத்து தடவைக்கான தெம்பு மிச்சமிருக்கும்போதே பளுவை வைத்துவிடுகிறவருக்குப் பன்னிரண்டு வெறும் எண்தான். எங்களுக்குள் இப்போது பாகப்பிரிவினை ஆகிவிட்டது. முழங்கை வலியுள்ள நண்பர் பெஞ்ச் பிரஸ்ஸில் இருபதை எடுத்துக்கொண்டார். ஸ்குவாட்டில் தொடைக்கு முன் மூச்சு தோற்பதால் மற்றவர்கள் எட்டோடு நிற்கிறோம். தோளுக்கும் கெண்டைக்காலுக்கும் பதினைந்துக்கு மேல். இரத்த அழுத்தம் உள்ளவர் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, மூச்சை அடக்காமல் தூக்குகிறார்.

இவை அனைத்தும் எங்களில் மூத்தவரின் தந்தையாரிடம் வந்து சோதிக்கப்பட்டன. வயது 82. நெல் மூட்டை சுமந்தவர். இளமையில் ஊர் இளவட்டக்கல்லைத் தோளுக்குமேல் அனுப்பியவர். மூன்று வாரக் காய்ச்சலில் படுத்து எழுந்தபோது தொடைகள் வற்றியிருந்தன. கழிப்பறைக்குப் போகவும் ஆள் வேண்டியிருந்தது. "வயசாச்சு, இனி ஓய்வா இருக்கட்டும்" என்றனர் உறவினர்கள். ஓய்வுதான் அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்பதை எடுத்துச் சொல்ல எங்களுக்குச் சான்று தேவைப்பட்டது. 1990இல் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கனமான காற்பயிற்சி கொடுத்தார் மரியா ஃபியாட்டரோன். கால்பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத்தசையும் 9 சதவீதம் வளர்ந்தது.

மருத்துவரின் இசைவுடன் மர நாற்காலியில் இரண்டு தலையணைகளைப் போட்டு அமர்த்தினார் மகன். எழ வேண்டும், மெதுவாக அமர வேண்டும், அவ்வளவே.

"எத்தனை தடவைல எந்திரிக்கணும்?"

"எண்ணாதீங்கப்பா. இன்னும் ரெண்டு தடவைதான் முடியும்னு தோணுறப்ப நிறுத்திருங்க."

முதல் நாள் ஆறு. பன்னிரண்டைத் தாண்டியதும் ஒரு தலையணையை உருவினார். இருக்கை தாழ்ந்ததே கூடுதல் பளு. டிலோர்ம் இரும்பால் செய்ததை நண்பர் இலவம்பஞ்சால் செய்தார். நான்கு மாதத்தில் நாற்காலி வெறுமையானது.

இந்தச் சாரலில் பெரியவர் கேட்டது ஒன்றுதான்: பழைய குற்றாலத்தில் குளிக்க வேண்டும். அருவியின் நடுவே வேண்டாம், ஓரத்தில் நிற்கலாம் என்று அழைத்துப் போனோம். தண்ணீர் தோளில் அடிக்கும்போது கால்கள் எத்தனை வேலை செய்கின்றன என்பது அங்கே நின்று குளித்த எவருக்கும் தெரியும். கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று எங்களில் யாரும் எண்ணவில்லை.