பில்டருக்கா, ஊறவைக்கவா?

"பில்டருக்கா?"

வறுத்த கொட்டையை அரைவை இயந்திரத்தில் கொட்டும் முன் காப்பிக்கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி இது. மேற்கு மாம்பலத்தில் ஒரு மே மாத மாலையில், "இல்லண்ணே, ராத்திரி பச்சத் தண்ணியில ஊறப்போட்டுக் காலையில வடிக்க" என்று ஓர் இளம்பெண் பதில் சொன்னாள். கடைக்காரர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "அப்போ சிக்கரி வேணாம்மா. அரைவையும் வேற. உப்புமாவுக்கு அரிசி நொய் உடைப்பாங்கல்ல, அந்தப் பதத்துல தரேன்."

இப்படிக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து இறக்கும் கோல்டு ப்ரூவுக்கான பாதி வழி அந்தச் சில வார்த்தைகளிலேயே வந்துவிட்டது. பில்டர் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்தால் துணியில் வடித்தாலும் சேறு இறங்கும். குடிக்கும்போது நாக்கில் மண் படிந்ததுபோல் இருக்கும். நொய்ப் பதத்தில் அரைத்தால் தெளிவாக வடியும், கசப்பும் மட்டுப்படும்.

மீதிப் பாதி, எந்தக் கொட்டை என்பது. பில்டரில் வெந்நீர் சில நிமிடங்களில் இறக்கிவிடுவதைக் குளிர்ந்த நீர் மணிக்கணக்கில் ஊறித்தான் இறக்குகிறது. அப்போதும் எல்லாம் இறங்குவதில்லை. அமெரிக்காவின் நைனி ராவ், மேகன் புல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2018-இல் இரண்டு வகையையும் அளந்து பார்த்தார்கள். பிஎச் அளவில் பெரிய வேறுபாடு இல்லை, எல்லாம் 4.85-க்கும் 5.13-க்கும் இடையில்தான் இருந்தன. ஆனால் கரைந்திருந்த மொத்த அமிலம் வெந்நீர்க் காப்பியில்தான் அதிகம். வாயில் படும் அந்தத் துள்ளல் குளிர்ந்த நீரில் குறைந்துவிடுகிறது. சூட்டில் எழும் மணமும் முழுசாக எழுவதில்லை.

அதனால், பூவும் எலுமிச்சையும் மணக்கும் இளவறுவல் கொட்டையைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி ஊறவைப்பது பெரும்பாலும் வீண். அதன் அழகே சூட்டில்தான் வெளிப்படும். நடுத்தரத்துக்குச் சற்று மேலே, கருகாமல் வறுத்த அரபிகாதான் இதற்குத் தோது. வறுத்த வேர்க்கடலை, கோகோ, வெல்லப்பாகு போன்ற ருசிகளைக் குளிர்ந்த நீரும் தயங்காமல் இறக்கிக்கொள்ளும். கர்நாடகத்தின் பாலெஹொன்னூர் காப்பி ஆராய்ச்சி நிலையம் 1940-களில் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்த செலக்ஷன் 795 ரகம் இன்றும் நம் மலைகளில் பரவலாக விளைகிறது. சேர்வராயனிலோ பழனி மலையிலோ சிக்மகளூரிலோ விளைந்த பிளான்டேஷன் ஏ தரம் கிடைத்தால் போதும், இறக்குமதிக் கொட்டையைத் தேட வேண்டியதில்லை. பீபெரிக்கு நம் வீடுகளில் தனி மதிப்பு உண்டு. பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதில் ஒன்றே உருண்டு விளைவது அது. பில்டருக்கு அதை வாங்குவது அவரவர் ஆசை. ஊறவைப்பதற்காக அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கத் தேவையில்லை.

இதற்கென்றே பிறந்ததுபோல ஒரு கொட்டை நம் மேற்குக் கரையில் இருக்கிறது: மான்சூன்டு மலபார். பாய்மரக் கப்பல் காலத்தில் காப்பிக்கொட்டை ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர மாதக்கணக்கானது. கப்பலின் அடித்தளத்து ஈரத்தில் கொட்டை ஊதி, பச்சை நிறம் போய், வெளிறிப்போனது. அந்த ருசிக்கே அங்குள்ளவர்கள் பழகினார்கள். நீராவிக் கப்பலும் சூயஸ் கால்வாயும் பயணத்தைச் சுருக்கியபோது அந்த ருசி காணாமல் போனது. அதை மீட்கக் கரையிலேயே ஒரு முறை உருவானது. ஜூனில் மழை பிடித்ததும் திறந்த கிடங்குகளில் கொட்டையைப் பரப்பி, கடற்காற்று படும்படி வாரக்கணக்கில் கிளறிக் கிளறி வைக்கிறார்கள். கையில் எடுத்தால் வழக்கமான கொட்டையைவிடப் பருமன், எடை குறைவு, வெளிறிய பொன்னிறம். புளிப்பு ஏறக்குறைய இல்லை. நீர் கனமாக, வாயில் நின்று இறங்கும். தனியாக ஊறவைத்தால் சிலருக்கு மண்வாசனை தூக்கலாகத் தெரியும். நாலில் ஒரு பங்கு சேர்த்தால் அந்தக் குறை தெரியாது.

சிக்கரியை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் சிக்கரி கலந்த பொடியை ஊறவைத்து, பால் விட்டு ஐஸ் போட்டுக் குடிப்பது ஊர்ப் பழக்கம். ஆனால் நம் கடைக் கலவைகளில் சட்டப்படி 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். அவ்வளவு போட்டால் குளிர்ந்த நீரில் காப்பி மறைந்து, கருப்பும் கசப்பும்தான் மிஞ்சும். பாலோடு குடிப்பவர்கள் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அளவு எளிது. 100 கிராம் பொடிக்கு 800 மில்லி தண்ணீர். சக்கை தன் எடையைப்போல இரு மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும். 600 மில்லி அளவுக்கு வடியும். சமையல் மேடையில் ஒரு நாள் முழுக்க வைக்கச் சொல்லும் குறிப்புகள் குளிர்நாட்டு வீடுகளை நினைத்து எழுதியவை. சென்னை வெயிலில் மூடிய பாட்டிலைப் பிரிட்ஜிலேயே வைப்பதுதான் சரி. இரவு எட்டு மணிக்கு வைத்தால் மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு வடிக்கலாம்.

கடைக்காரர் நொய்ப் பதத்தில் அரைத்ததை ஒரு கைப்பிடி எடுத்துக் காட்டினார். பழுப்பு மணிகள் விரலிடுக்கில் ஒட்டாமல் உதிர்ந்தன. பொட்டலத்தை மடித்து, பேனாவை எடுத்து, கொட்டை வறுத்த தேதியை அதன்மேல் எழுதினார். "நாலு நாள் ஆச்சும்மா வறுத்து. இன்னிக்கே ஊறப்போடலாம். மூணு வாரம் தாண்ட விட்டுடாதே."

அவள் கால் கிலோவை அரைக்காமல் தனியாகக் கட்டித் தரச் சொன்னாள்.