கோணலாய் நின்ற ஏழு

கலிபோர்னியாவில் வசிக்கும் எம் காக்கா, சென்ற ஆண்டு ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை அனுப்பியிருந்தார். அவருடைய அண்டை வீட்டுப் பெரியவரின் தந்தையார் 1950களில் மண் தடத்தில் ஓட்டிய பந்தயக் காரின் படம் அது. மத்ரஸா விடுமுறைகளில் நாம் பிளாஸ்டிக் மாதிரிக் கார்கள் செய்வதை அறிந்தவராதலால், "இதைப் போலவே ஒன்று செய்து தர இயலுமா?" எனக் கேட்டார். மகிழ்வோடு இசைந்தோம்.

அவ்வகைக் காரை 'ஜலோப்பி' என்பர். ஓடித் தேய்ந்த பழைய காருக்கு அமெரிக்கர் வழங்கும் பேச்சுவழக்குச் சொல் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1930களின் ஃபோர்டு, செவர்லே கார்களை மலிவாக வாங்கி, கண்ணாடிகளை நீக்கி, மட்கார்டுகளைக் கழற்றி, உள்ளே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து இளைஞர்கள் பந்தயத்தில் இறக்கினர். 1932இல் ஃபோர்டு அறிமுகப்படுத்திய வி8 எஞ்சின் அவற்றுள் பலவற்றில் இருந்தது. பணமில்லாதோரின் பந்தயமாதலால் பெயின்டும் கையில் கிடைத்ததே. வீட்டுக்கு வாங்கியதில் மிஞ்சியதைப் பிரஷ்ஷால் பூசியோரும் உண்டு. சுற்றுகளை எண்ணுவோர் தொலைவிலிருந்தே காணும்படி கதவிலும் கூரையிலும் பெரிய எண்களை எழுதினர். அருகே, உதவி செய்த கராஜின் பெயரோ உணவுக்கடையின் பெயரோ இருக்கும்.

பெரியவரிடம் கேட்டோம், கார் சிவப்பு என்றார். இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவிலான மாதிரியை எடுத்து, பளபளக்கும் சிவப்பைத் தெளித்தோம். படத்தில் கதவிலிருந்த 7 இடப்புறம் சாய்ந்திருந்தது. கராஜ் பெயரின் கடைசி எழுத்து இடம் போதாமல் நெருக்குண்டிருந்தது. அவை எமக்குக் குறைகளாகவே தோன்றின. கணினியில் நேர்த்தியாக அச்சிட்டு, நீரில் நனைத்து ஒட்டும் தாளால் இரண்டையும் 'சரி' செய்தோம். ஊருக்கு வந்து திரும்பிய உறவினர் ஒருவர் மூலம் அனுப்பிவைத்தோம்.

காணொளி அழைப்பில் பெரியவர் அதைக் கையில் ஏந்தி நெடுநேரம் பார்த்தார். "மிக அழகாக இருக்கிறது. ஆனால் இது என் தந்தையின் கார் அன்று" என்றார். அந்த 7, முதற் பந்தயத்துக்கு முந்திய இரவில் தந்தையார் தம் கையாலேயே எழுதியதாம். விளக்கைப் பிடித்து நின்றவர், அன்று சிறுவனாயிருந்த அவரே.

நாம் திருத்தியது ஒரு பிழையை அன்று. ஒரு மனிதரின் கையெழுத்தை. நகலெடுக்கும்போது ஒரு புள்ளியைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பிக்கும் நாமே, எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தில் கை வைத்துவிட்டோம் என்ற நாணம் எம்மை வாட்டியது.

மறுபடியும் தொடங்கினோம். மெய்யான காரின் கதவில் ஐம்பது சென்டிமீட்டர் உயரமுள்ள எண், எம் மாதிரியில் இரண்டே சென்டிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர் அகலக் கோடு இரண்டு மில்லிமீட்டர். அந்த அளவில் மிகுந்த பளபளப்பு பொம்மைத் தோற்றம் தரும். ஆதலால் சிவப்பைச் சற்றே வெளிறச் செய்து, மங்கிய மினுக்கத்தோடு நிறுத்தினோம். அடிவண்ணத்தை அக்ரிலிக்கில் பூசி நன்கு உலரவிட்டு, எழுத்தை எனாமலில் எழுதினோம். கை தவறினால் மினரல் டர்பன்டைனில் நனைத்த பிரஷ்ஷால் எழுத்தை மட்டும் துடைத்துவிடலாம். அடியில் உள்ள சிவப்பு கெடாது. அந்த 7ஐப் பதினொரு முறை துடைத்தோம். நேராக எழுதப் பழகிய கைக்கு, இன்னொருவரின் சாய்வை அப்படியே எழுதுவது எத்துணைக் கடினம்!

அக்காலத்தில் தொழில்முறைப் பெயர்ப்பலகை ஓவியர்கள் எழுதிய கார்களும் உண்டு. ஆயினும் அவையும் கையால் எழுதியவையே. கணினி வெட்டித் தரும் ஒட்டெழுத்துகள் 1980களிலேதான் பரவின. ஆகவே, ஒன்றுபோல் அமைந்த இரு எழுத்துகள் ஜலோப்பியின் மேல் இருந்தால் அதுவே பொய்.

1963இல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தை வென்ற பார்னெல்லி ஜோன்ஸும் ஜலோப்பியில் தொடங்கியவரே. பதினேழு வயதில், பந்தயத்தில் ஓட்டுவதற்கான வயது நிரம்பாததை மறைக்க, நண்பர் ஒருவர் சூட்டிய பெயர்தான் 'பார்னெல்லி'. அப்பெயரே உலகறிந்த பெயராக நிலைத்தது. ஒரு காரில் எழுதும் பெயருக்கு அத்துணை ஆயுள் உண்டு.

கடைசியில், சக்கரங்களின் பின்னே பழுப்புச் சாக்கட்டித் தூளை மெல்லத் தேய்த்து மண்ணின் சாயல் தந்து, இரண்டாவது காரை அனுப்பினோம். இம்முறை பெரியவர் ஏதும் பேசவில்லை. கதவருகே பெருவிரலைக் கொண்டுபோய், சாய்ந்த 7இன் மேல் ஒருமுறை தடவினார். பிறகு காக்காவிடம், "என் தந்தை இடக்கைப் பழக்கம் உடையவர், உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்" என்றார்.