மூட்டத்துக்குள் ஒரு மலை

புகைப்படம் பொய் சொல்லாது என்பார்கள். இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கிறவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். ஒரே மலையை ஒரே இடத்தில் நின்று பத்துப் பேர் எடுத்தால் பத்து மலைகள் கிடைக்கும். எந்த நேரத்தில் எடுப்பது, எந்த லென்ஸைப் போடுவது, எதைச் சட்டத்துக்குள் விடுவது, எதை வெளியே நிறுத்துவது எல்லாமே எடுக்கிறவரின் முடிவு. கேமரா தானாக எதையும் பார்ப்பதில்லை.

இமயமலையே இதற்குச் சாட்சி. இங்கிலாந்தில் வங்கி குமாஸ்தாவாக இருந்த சாமுவேல் போர்ன், வேலையை உதறிவிட்டு 1863இல் இந்தியா வந்தார். 1866க்குள் மூன்று முறை இமயமலைக்குள் பயணம் போனார். கண்ணாடித் தகடுகள், ரசாயனப் புட்டிகள், இருட்டறைக் கூடாரம் எல்லாம் சுமைதூக்கிகளின் முதுகில் ஏறின. 18,000 அடிக்கும் மேல் இருக்கும் மணிரங் கணவாயில்கூட அவர் படம் எடுத்தார். ஆனால் இவ்வளவு சிரமப்பட்டு வந்தவர், இந்த மலைகள் படத்துக்குத் தோதாக இல்லை, ஏரிகள் இல்லை, மென்மை இல்லை என்று குறைப்பட்டு எழுதினார். அவர் தேடியது தன் நாட்டுக் குன்றுகளின் சாயலை. தவிர, அந்தக் காலத்துத் தகடுகளில் நீல நிறம் வெள்ளையாகவே பதியும். அதனால் வானம் பெரும்பாலும் வெறுமையாகவே வந்தது. போர்னின் இமயமலை பாதி மலை, பாதி போர்ன்.

இதை ஒரு குறையாக நினைக்காமல் கலையாக மாற்றியவர் அமெரிக்கரான ஆன்செல் ஆடம்ஸ் (1902-1984). 1927இல் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் என்ற பாறை மலையை எடுக்கப் போனபோது கடைசியில் அவரிடம் இரண்டே தகடுகள் மிச்சம் இருந்தன. ஒன்றை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். அதில் பாறையின் கம்பீரம் வராது என்று தோன்றியது. கடைசித் தகடுக்கு அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்பு, நீல ஒளியைத் தடுத்துவிடும். வானம் ஏறக்குறைய கறுப்பாகிவிட்டது. அன்று வானம் கறுப்பாக இல்லை. ஆனால் பாறையின் முன் நின்ற அந்த இளைஞனின் மனதில் எழுந்தது அதுதான்.

ஆடம்ஸ் பியானோ கலைஞராக வேண்டும் என்று பயிற்சி எடுத்தவர். நெகடிவ் என்பது இசைக்குறிப்பு, பிரிண்ட் என்பது கச்சேரி என்பார். 1941இல் நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலவு எழுவதை எடுத்தார். ஒளிமானி கைக்குக் கிடைக்காததால், நிலவின் பிரகாசம் எவ்வளவு என்று தெரிந்ததை வைத்து மனக்கணக்காகவே எடுத்த படம் அது. அந்த ஒரே நெகடிவிலிருந்து பல ஆண்டுகள் பிரிண்ட் போட்டார். வயது ஏற ஏற வானம் கறுத்துக்கொண்டே போனது.

நானும் 1990களில் தில்லியில் குளியலறையை இருட்டறையாக்கி வானத்தைக் கறுக்க வைத்தவன்தான். அப்போது எந்தச் சங்கடமும் இல்லை. சங்கடம் 2024இல் வந்தது.

அந்த ஏப்ரல் கடைசியில் உத்தராகண்டின் கௌசானிக்குப் போயிருந்தேன். 1929இல் காந்தி தங்கிய ஊர். சுற்றுலாத் துண்டுப் பிரசுரங்களில் இதற்கு ‘இந்தியாவின் சுவிட்சர்லாந்து’ என்று பெயர். வானம் தெளிவாக இருந்தால் திரிசூல், நந்தா தேவி சிகரங்கள் வரிசையாகத் தெரியும். அன்று தெரியவில்லை. குமாவுன் காடுகள் எரிந்துகொண்டிருந்தன. சீர் பைன் மரங்களின் ஊசி இலைகளை அங்கே பிருல் என்பார்கள். பிசின் கொண்ட அந்த இலைகள் கோடையில் காய்ந்து மெத்தைபோல் கிடக்கும். ஒரு பொறி போதும். அதே நாட்களில்தான் நைனிதால் பக்கம் தீயை அணைக்க விமானப் படை ஹெலிகாப்டர் பீம்தால் ஏரியிலிருந்து தண்ணீர் மொண்டு போய்க் கொட்டியது.

மூன்று நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை, பழுப்பு மூட்டத்துக்குள் திரிசூலின் விளிம்பு மட்டும் பென்சில் கோடுபோலத் தெரிந்தது. சில நிமிடங்கள்தான். தொண்டை கரகரத்தது, கண் எரிந்தது. எடுத்தேன். கீழே கருகிய சரிவு, மேலே ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஊருக்கு வந்து பார்த்தபோது, பல வருடங்களில் நான் எடுத்த படங்களில் இதுதான் நேர்மையானது என்று பட்டது.

தில்லியில் ஒரு காலண்டர் அச்சகத்துக்காரர் ஆண்டுதோறும் என்னிடம் மலைப் படங்கள் வாங்குவார். இதைப் பார்த்துவிட்டு, “மூட்டத்தை எடுத்துவிட்டு நீல வானத்தைப் போட்டுக் கொடுங்கள் சார். மலை அங்கேதானே இருக்கிறது? நாம் ஒன்றும் பொய் சொல்லவில்லையே” என்றார். கம்ப்யூட்டரில் இரண்டு நிமிட வேலை. மறுத்தேன். மற்ற பதினோரு படங்களும் சேர்ந்து திரும்பி வந்தன. என் வருமானத்தில் அது சின்னத் தொகை அல்ல.

வீட்டில் என் மகள் விடவில்லை. “நீங்களும் உங்க ஆடம்ஸும் வானத்தைக் கறுப்பாக்கினா கலை, அவர் நீலமாக்கச் சொன்னா பொய்யாப்பா?” என்றாள்.

எளிதில் தள்ளிவிட முடியாத கேள்வி. ஆடம்ஸ் தொனியை மாற்றியதோடு நின்றவரும் அல்ல. 1944இல் கலிஃபோர்னியாவின் லோன் பைன் என்ற ஊரில் பனிக்காலச் சூரியோதயத்தை எடுத்தார். அங்கே குன்றின் மேல் பள்ளி மாணவர்கள் வெள்ளையடித்த கற்களால் ஊர்ப் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். அதை நெகடிவிலேயே அழித்தார். மறைக்கவில்லை, அந்த வடுவை நிரந்தரமாக்கும் அளவுக்குத் தூய்மைவாதி அல்ல என்ற பொருளில் தானே எழுதினார். அந்த ஓர் இடத்தில் நான் அவருடன் உடன்பட மாட்டேன். அந்த எழுத்துகளும் அந்தக் காலையில் அங்கே இருந்தவை. ஆனாலும் அது அவருடைய முடிவு. தன் பெயரில் அதற்குப் பதிலும் சொன்னார்.

யோசித்துப் பார்த்தால் வித்தியாசம் கருவியில் இல்லை. அதே மூட்டத்தை நீக்கும் வசதியை வேறொரு நாள் வேறொரு படத்துக்கு நானே பயன்படுத்தலாம். அந்த இடத்தில் நின்றவனுக்கு என்ன நேர்ந்தது என்பதை அழுத்திச் சொல்லவா, அல்லது அதைத் துடைத்துவிடவா என்பதுதான் கேள்வி. ஆடம்ஸின் கறுப்பு வானம் அவர் உணர்ந்தது. கேட்கப்பட்ட நீல வானத்தை அன்று கௌசானியில் ஒருவரும் உணரவில்லை. அது வாங்குகிறவர் ஏற்கெனவே மனதில் வைத்திருக்கும் மலை. எரிகிற காட்டின் மேல் அதை ஒட்டினால், அந்தக் கோடையே நடக்காததுபோல் ஆகிவிடும். மலைகளை நேரில் பார்க்க முடியாதவர்களுக்குப் படம்தான் மலை. அவர்கள் பார்க்கும் படங்களில் எப்போதும் வானம் நீலமாகவே இருந்தால், காடு எரிகிறது என்ற கவலை அவர்களுக்கு எங்கிருந்து வரும்?

மகளிடம் இதைச் சொன்னேன். முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. “அப்போ படத்துக்குக் கீழே தேதியாவது போடுங்க” என்றாள். நல்ல யோசனை. இப்போது போடுகிறேன்.

2025 காலண்டர் வந்தது. ஏப்ரல் பக்கத்தில் யாரோ எடுத்த திரிசூல் பளிச்சென்று நிற்கிறது. வெயில் விழும் கோணமும் தெளிவும் பார்த்தால், மழைக்காலம் முடிந்த அக்டோபரில் எடுத்ததாக இருக்க வேண்டும். அழகான படம்தான். என்னுடையது வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் முதலில் ஒன்றும் தெரியாமல் கிட்டே போகிறார்கள். மலை கண்ணுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகிறது. பிறகு எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “என்ன புகை இது?”