இரு கோடுகளுக்கு இடையே

மட்டு மதிப்பு என்றதும் முகம் சுளிக்கும் நண்பர்கள் நம் வகுப்பறைகளில் பலர் உண்டு. எண்ணின் இருபுறமும் காவலர் போல் நிற்கும் அந்த இரண்டு செங்குத்துக் கோடுகளை 1841-ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கணித மேதை கார்ல் வயர்ஷ்ட்ராஸ் கையாண்டார். அவை கேட்பது தொலைவை மட்டுமே, திசையை அன்று. 5-க்கும் மட்டு 5. −5-க்கும் மட்டு 5. இத்தனை எளியது, அசமன்பாட்டில் வந்து அமர்ந்ததும் ஏனோ மிரட்டுகிறது!

எங்கள் தொப்பம்பட்டிப் பக்கம் கிணற்று மோட்டார் வைத்திருப்போர் அனைவரும் இந்த அசமன்பாட்டோடுதான் குடித்தனம் நடத்துகிறார்கள். மோட்டாரின் தகட்டில் 415 வோல்ட் என்று பொறித்திருக்கும். இத்தகைய இணைப்புகளில் மின்னழுத்தம் 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்றன 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள். அந்த அளவையே கொள்வோம். 415-இல் 6 சதவீதம் 24.9. மின்னழுத்தத்தை 'ம' என்றால்,

|ம − 415| ≤ 24.9

இதை விரித்தால் 390.1 ≤ ம ≤ 439.9. எண்கோட்டில் முறியாத ஒரே துண்டு.

குறியைத் திருப்பி |ம − 415| > 24.9 என்றால்? 390.1-க்குக் கீழே, *அல்லது* 439.9-க்கு மேலே. இரண்டு துண்டுகள். முன்னதன் பழக்கத்தில் 390.1 > ம > 439.9 என்று எழுதிவிடுவோர் உண்டு. 390-க்குக் குறைந்தும் 439-ஐ மிஞ்சியும் ஒருங்கே நிற்கும் எண்ணை யார் கண்டார்?

சென்ற கோடையில் எங்கள் மோட்டாரின் காயில் எரிந்துபோனது. கடன் வாங்கித்தான் காயில் கட்டினோம். கரண்ட் கம்மியாக வந்தால் மோட்டாருக்கு அலுப்பும் கம்மி என்பது அப்பாவின் எண்ணம். உண்மை நேர்மாறானது. இறைக்கும் தண்ணீர் அதேதான். அதற்கான உழைப்பும் ஏறக்குறைய அதேதான். அழுத்தம் குறைந்தால், மோட்டார் மின்னோட்டத்தைக் கூட்டி இழுத்து ஈடுசெய்கிறது. 350 வோல்ட்டில் அது சுமார் 1.19 மடங்கு. சூடோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே சுமார் 1.4 மடங்கு. அந்தச் சூட்டில்தான் காயில் கருகுகிறது.

"அப்போ கூடினா நல்லதா கண்ணு?" என்றார் அப்பா.

"கூடினாலும் ஆகாதுங்கப்பா. 415-லிருந்து எந்தப் பக்கம் தள்ளிப்போனாலும் கெடுதிதான்" என்றேன்.

ஸ்டார்ட்டர் பெட்டியின் வோல்ட் மீட்டர் கண்ணாடியில் 390-இலும் 440-இலும் சிவப்புப் பெயிண்டால் இரண்டு கோடுகள் இழுத்தேன். முள் இடையில் நின்றால் பித்தானை அழுத்தலாம். வெளியே நின்றால் கூடாது.

அன்று மாலை முள் 365-இல் நின்றது. மக்காச்சோளம் பூட்டை வாங்கும் பருவம். இலைகள் சுருண்டு கிடந்தன. அப்பா கோடுகளைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார். "முள்ளு எந்நேரத்துக்கு உள்ளே வரும்னு உன் கணக்குச் சொல்லுமா கண்ணு?" என்று கேட்டார்.

அது வேறு கணக்கு. மோட்டார் மேட்டிலேயே இருவரும் காத்திருந்தோம். நள்ளிரவுக்குப் பின் முள் 400-ஐத் தொட்டது. அப்பா பித்தானை அழுத்தினார். நான் மண்வெட்டியோடு மடை திருப்பப் போனேன்.