உள்ளங்கையில் ஒரு மகாராணி

லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தை ஒட்டி இருக்கிறது, தேசிய உருவப்பட அருங்காட்சியகம். உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. சுவர் முழுக்க ராஜாக்களும் ராணிகளும் ஆள் உயரத்துக்கு நிற்கிறார்கள். ஆனால், அங்குள்ள சேகரிப்பில் முதலாம் எலிசபெத் ராணியின் ஒரு படம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உயரம் 5.1 செ.மீ., அகலம் 4.8 செ.மீ. ஏறக்குறைய ஒரு தீப்பெட்டி உயரம்தான்!

வரைந்தவர் நிக்கோலஸ் ஹில்லியார்ட். எக்ஸெட்டர் நகரத்துப் பொற்கொல்லரின் மகன். '1572, வயது 38' என்று படத்திலேயே பொன் எழுத்தில் பொறித்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது சுமார் 25.

மெல்லிய கன்றுத்தோலைச் சீட்டுக்கட்டின் அட்டையில் ஒட்டி, அதன்மேல் வாட்டர்கலரில் வரைவது அவர் வழக்கம். தூரிகை, அணில் முடி. பொன் பூச்சைத் தேய்த்துப் பளபளப்பாக்க, கீரியைப் போன்ற ஒரு சிறு விலங்கின் பல்! வரையும்போது பட்டுத்துணி உடுத்த வேண்டும், இல்லையென்றால் நூல் துகள் விழும். தலைப்பொடுகு உதிரக் கூடாது. படத்தின்மேல் குனிந்து பேசினால் எச்சில் தெறிக்கும். இதையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

முகத்தில் நிழல் விழுவது ராணிக்குப் பிடிக்காது. அதனால் மரமே இல்லாத திறந்த தோட்டப் பாதையில் வந்து உட்கார்ந்தாராம். முகம் வெளிச்சமாக இருந்தால் முதுமையும் தெரியாது அல்லவா? ராணிக்கு வயதாக ஆக, ஹில்லியார்டின் படங்களில் அவர் இளமையாகிக்கொண்டே போனார்.

காலம் வேறு வழியில் வேலையைக் காட்டியது. ஹில்லியார்ட் முகங்களுக்குப் பூசிய இளஞ்சிவப்பு பல படங்களில் வெளுத்துவிட்டது. முத்துகளுக்கு வைத்த வெள்ளிப் புள்ளிகள் கறுத்துவிட்டன.

ராணியை மூப்படையாமல் காத்தவருக்குக் கடைசிக் காலம் சுகமாக இல்லை. ராணிக்குப் பிறகு வந்த ஜேம்ஸ் மன்னர், தன் சிற்றோவியங்களை வரையும் தனியுரிமையை 1617-ல் அவருக்கு 12 ஆண்டுகளுக்குக் கொடுத்தார். அதே வருடம், இன்னொருவர் கடனுக்கு ஜாமீன் நின்று லட்கேட் சிறைக்குப் போனார் ஹில்லியார்ட். 1619 ஜனவரியில் அவரை அடக்கம் செய்தார்கள்.

எங்கே தெரியுமா? அருங்காட்சியகத்துக்கு எதிர்ப்புறம் உள்ள செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தில். அந்தப் பழைய கட்டடம் இன்று இல்லை. இப்போது நிற்பது 1726-ல் கட்டி முடித்தது. சாலையின் இந்தப் பக்கம் ராணி, அந்தப் பக்கம் அவரை வரைந்தவர்.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: வெளிச்சம் பட்டால் வாட்டர்கலர் மங்கும். அதனால் சிற்றோவியங்களை எந்நேரமும் பார்வைக்கு வைப்பதில்லை. கிளம்பும் முன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் பெரிதாக்கிப் பார்த்தால், ராணியின் தோளருகே குத்தியிருக்கும் ரோஜாவின் இதழ்களும் தெரியும்.