ஹால்ஸ்டெட் வீதி விளையாட்டுகள்

நாடகம் ஒன்று நடத்த வேண்டுமானால் ஆசிரியர் வேண்டும், பிரதி வேண்டும், மாதக்கணக்கில் ஒத்திகை வேண்டும், காட்சிக்கேற்ற படுதாக்களும் வேஷபூஷணங்களும் வேண்டும் என்பது எல்லாத் தேசங்களிலும் தொன்றுதொட்டு வழங்கிவரும் நியதி. இவற்றில் ஒன்றும் இல்லாமல், ஐந்தாறு நடிகர்கள், சில நாற்காலிகள், ஒரு பியானோ, சமயமறிந்து விளக்கை அணைக்கத் தெரிந்த ஒருவர் என்ற சொற்ப மூலதனத்தோடு, சபையில் யாரோ ஒருவர் உரக்கச் சொல்லும் ஒரு சொல்லையே வித்தாகக் கொண்டு, அந்தக் கணத்திலேயே ஒரு ஹாஸ்ய நாடகத்தை உண்டாக்கிக் காட்டும் சிற்றரங்குகள் சிகாகோ நகரத்தில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகின்றன. இம்ப்ராவ் என்று அந்நாட்டார் அழைக்கும் இந்த ஆசுநாடகத்தை அங்கே பார்த்தபோது, நடிகர்களின் சாமர்த்தியத்தைவிட அதிகமாக என் சிந்தையைக் கவர்ந்தது வேறொரு விஷயம். இன்றிரவு என்ன நடிக்கப்போகிறோம் என்பது தங்களுக்கே தெரியாத ஒரு கூட்டத்தாரை நம்பி, வாடகை கொடுத்து ஒரு கட்டிடத்தை எடுத்து, டிக்கெட் விற்று, ஒரு ஸ்தாபனமாக நடத்திவிடலாம் என்ற துணிவு முதன்முதலில் எவருக்கு உண்டாயிற்று? அந்த மூல புருஷரைத் தேடிப் புறப்பட்டேன். பழைய நூல்களும் பேட்டிகளும் நகரத்தின் வீதிகளும் என்னை ஓர் ஆண்டிலிருந்து அதற்கு முந்திய ஓர் ஆண்டுக்குப் பின்னோக்கி அழைத்துச் சென்றன.

எவரைக் கேட்டாலும் முதலில் சுட்டிக்காட்டுவது வெல்ஸ் வீதியைத்தான். 1959-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16-ஆம் தேதி, முன்னர் ஒரு சீனர் சலவைக்கடை நடத்திவந்த இடத்தில், பால் சில்ஸ், பெர்னி சாலின்ஸ், ஹவர்ட் ஆக் ஆகிய மூவர் ‘செகண்ட் ஸிட்டி’ என்ற அரங்கத்தைத் திறந்தார்கள். நியூயார்க் பத்திரிகை எழுத்தாளர் ஏ. ஜே. லீப்லிங் சிகாகோவை இரண்டாந்தர நகரமென்று இகழ்ந்து எழுதியிருந்தார். அந்தப் பெயரையே அவர்கள் விருதாகச் சூட்டிக்கொண்டார்கள். ஆனால் அங்கே நடந்ததை நுணுகிப் பார்த்தால், அது முழுமையான ஆசுநாடகம் அல்ல என்பது விளங்கும். இரவின் பிரதான பாகம் முன்பே செம்மை செய்யப்பட்ட குறுங்காட்சிகளின் கோவை. அது முடிந்தபின், சபையோர் கொடுக்கும் யோசனைகளைக் கொண்டு நடிகர்கள் புதிதாக முயன்று பார்ப்பார்கள். அந்த முயற்சிகளில் எது சிரிப்பையும் கைதட்டலையும் பெற்றதோ அது திரும்பத் திரும்ப நடித்து இழைக்கப்பட்டு, அடுத்த கோவையில் இடம்பெறும். நிச்சயத்தை விற்று, அதில் வரும் வருமானத்தைக் கொண்டு அநிச்சயத்தைப் பராமரித்த ஏற்பாடு இது. ஒரு சிற்றரங்கு நெடுங்காலம் நிலைத்திருப்பதற்கு இதைவிட விவேகமான உபாயம் வேறொருவர் கண்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இத்தகைய விவேகம் முதல் முயற்சியிலேயே வாய்ப்பதில்லை. எங்கேயோ பட்டறிந்தவர்களுக்கே அது கைகூடும். ஆகவே அவர்கள் எங்கே பட்டார்கள் என்று தேட வேண்டியதாயிற்று.

அந்த இடம் நகரத்தின் தென்பாகத்தில், சிகாகோ சர்வகலாசாலையை அடுத்த 55-ஆம் வீதியில் இருந்த ஒரு மதுக்கடை. அதற்கும் ஒரு பூர்வோத்தரம் உண்டு. 1953-ல் பால் சில்ஸும் டேவிட் ஷெப்பர்டும் வேறு சில நண்பர்களும் சேர்ந்து ‘பிளேரைட்ஸ் தியேட்டர் கிளப்’ என்ற சபையை ஆரம்பித்து, ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்டின் நாடகம் ஒன்றை முதலில் அரங்கேற்றினார்கள். உயர்ந்த நாடகங்களாகவே போட்டார்கள். 1955-ல், தீப்பாதுகாப்பு விதிகளுக்கு அந்தக் கட்டிடம் பொருந்தவில்லை என்று அதிகாரிகள் அரங்கை மூடினார்கள். ஷெப்பர்டுக்கோ அதற்கு முன்பே அந்த நாடகங்களில் அதிருப்தி. ஐரோப்பாவின் பழைய நாடகங்களைக் கற்றோர்க்குக் காட்டுவதில் என்ன பயன், உழைக்கும் ஜனங்கள் பீர் குடித்துக்கொண்டே, தங்கள் வீதியில் நேற்று நடந்ததை இன்று மேடையில் பார்க்கும்படியான அரங்கம் அல்லவா வேண்டும் என்பது அவருடைய ஆவேசம். இத்தாலியில் பல நூற்றாண்டுகளுக்கு முன், கதைச்சுருக்கத்தை மாத்திரம் வைத்துக்கொண்டு சம்பாஷணையை மேடையிலேயே உண்டாக்கிச் சந்தைவெளிகளில் ஆடிய கொம்மேதியா தெல்லார்தே கூட்டத்தார் அவருக்கு ஆதர்சமாக இருந்தனர்.

1955 ஜூலை 5-ஆம் தேதி அந்த மதுக்கடையில் ‘காம்பஸ்’ குழு தொடங்கியது. அன்றைய செய்தித்தாளை வைத்து ஒரு பாகம், முன்கூட்டியே தீட்டிய கதைச்சுருக்கத்தைக் கொண்டு ஒரு நீண்ட பாகம், சபையோர் யோசனைகளின் பேரில் ஒரு பாகம் என்பது நிகழ்ச்சி. கதைச்சுருக்கத்தில் வசனம் இராது. எந்தக் காட்சியில் யார் வருகிறார், என்ன நேர்கிறது என்ற குறிப்பு மாத்திரமே இருக்கும். மைக் நிக்கல்ஸ், எலெய்ன் மே, ஷெல்லி பெர்மன், பார்பரா ஹாரிஸ், செவர்ன் டார்டன் முதலானோர் அங்கே உருவானவர்கள். பெர்லினில் பிறந்து, யூதர்களுக்கு நேர்ந்த கொடுமைக்குத் தப்பிக் குழந்தைப் பருவத்தில் அமெரிக்கா வந்துசேர்ந்தவர் நிக்கல்ஸ். இத்திஷ் நாடகக்காரர் ஒருவரின் மகள் மே. இவ்விருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசத் தொடங்கினால், தாயும் மகனும், டெலிபோன்காரியும் வாடிக்கைக்காரரும், காதலர் இருவரும் எனச் சமூகம் முழுவதும் அவர்களுடைய குரலில் பிரத்தியட்சமாகிவிடும். 1960-ல் அவர்கள் பிராட்வே ஏறினார்கள். 1967-ல் நிக்கல்ஸ் ‘தி கிராஜுவேட்’ படத்தை இயக்கி ஆஸ்கார் பரிசு பெற்றார்.

ஆயினும் ஷெப்பர்டின் உத்தேசம் நிறைவேறவில்லை. உழைப்பாளிகளை எதிர்பார்த்த மதுக்கடைக்கு வந்தவர்கள் சர்வகலாசாலை மாணவர்களும் ஆசிரியர்களும்தான். அரசியலைவிட அவர்கள் ரசித்தது தங்கள் சொந்த வாழ்க்கையின் கோணல்களைப் பற்றிய ஹாஸ்யம். ஓயாமல் புதிய கதைச்சுருக்கங்கள் வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில் எழுதுவோர் இளைத்தார்கள்; நடிகர்களோ, ஒருநாள் நன்றாக அமைந்துவிட்ட காட்சியை மறுநாளும் நடிக்கவே விரும்பினார்கள். இரண்டு தடவை இடம் மாறி, 1957 ஜனவரியில் சிகாகோ காம்பஸ் மூடப்பட்டது. இதைத் தோல்வியென்று கூறுவாரோடு நான் உடன்படேன். வெல்ஸ் வீதியின் விவேகம் முழுவதும், நடிகர்கள் உட்பட, இங்கிருந்தே போயிற்று.

அதே ஆண்டில் செயின்ட் லூயி நகரத்தில் காம்பஸின் ஒரு கிளை நடந்தது. அங்கே எலெய்ன் மேயும் டெட் ஃப்ளிக்கரும் தாங்கள் குடியிருந்த வீட்டின் சமையலறையில் உட்கார்ந்து, இரவு எந்தக் காட்சி ஏன் சரிந்தது என்று விசாரித்துச் சில விதிகளை வகுத்தார்கள். அவற்றில் தலையாயது, உடன் நடிப்பவர் நிலைநாட்டிய உண்மையை மறுக்கலாகாது என்பது. “அம்மா, மழை வருகிறதே, துணிகளை எடுக்கவில்லையா?” என்று ஒருவர் வாய்திறந்தபின் மற்றவர், “நான் உன் அம்மா அல்ல, மழையும் இல்லை” என்பாரேயானால் சபையில் ஒரு சிரிப்பு எழலாம், ஆனால் காட்சி அங்கேயே மாண்டுபோகும். “உன் அப்பாவின் வேஷ்டி நனையட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன்” என்றால் ஒரு குடும்பமே பிறந்துவிடுகிறது. ஒப்புக்கொண்டு மேலும் சேர்ப்பது என்ற இந்த நியமம்தான் இன்று இக்கலையின் பால பாடம்.

விதிகள் சமையலறையில் பிறந்தன; ஆனால் நடிகர்கள் அஞ்சாமல் வெறும் மேடையில் நிற்கும் பயிற்சி எங்கிருந்து வந்தது? காம்பஸ் தொடங்கிய காலத்தில் அந்த நடிகர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தியவர் பால் சில்ஸின் தாயார் வயோலா ஸ்போலின் அம்மையார். என் தேடலில் நான் அடைந்த பெரும் சந்தோஷம் இந்த அம்மையாரைக் கண்டுகொண்டதே.

ருஷ்யாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்கு 1906-ல் சிகாகோவில் பிறந்தவர் ஸ்போலின். பதினெட்டு வயதில், ஹால்ஸ்டெட் வீதியிலிருந்த ஹல் ஹவுஸ் என்ற சேவாசிரமத்தில் நேவா பாய்ட் அம்மையார் நடத்திய பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அந்த ஆசிரமம், பிற்காலத்தில் நோபல் சமாதானப் பரிசு பெற்ற ஜேன் ஆடம்ஸும் அவருடைய தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் 1889-ல் ஸ்தாபித்தது. இத்தாலியர், கிரேக்கர், யூதர், ஜெர்மானியர் என்று பிழைப்புத் தேடி வந்த பல ஜாதியார் நெருங்கி வாழ்ந்த பேட்டையில், பதின்மூன்று கட்டிடங்களாக வளர்ந்த ஒன்று. பாய்ட் அம்மையார் ஒரு சமூகவியல் அறிஞர். டென்மார்க், ஸ்வீடன் முதலிய நாடுகளின் கிராமிய விளையாட்டுகளைச் சேகரித்து நூலாக்கியவர். குழந்தை விளையாடும்போது விதிக்குத் தானே கட்டுப்படுகிறது, பிறருக்கு இடம் கொடுக்கிறது, எதிர்பாராததைச் சந்திக்கிறது. ஆகவே விளையாட்டு பொழுதுபோக்கல்ல, சமூக வாழ்வின் கல்வியே என்பது அவருடைய சித்தாந்தம்.

பொருளாதார மந்தத்தில் வேலையற்றோருக்கு உதவ ரூஸ்வெல்ட் அரசாங்கம் ஏற்படுத்திய திட்டத்தின் கீழ், 1939 முதல் 1941 வரையில் ஸ்போலின் சிகாகோவில் நாடகப் பயிற்சி மேற்பார்வையாளராக வேலை பார்த்தார். அவரிடம் வந்தவர்கள் குடியேறிய ஏழைகளும் அவர்களுடைய குழந்தைகளும். ஒரே பாஷை பேசாத, புஸ்தகம் படித்து வசனம் நெட்டுருச் செய்ய இயலாத அந்தக் கூட்டத்துக்கு நாடக சாஸ்திரத்தை உபதேசிப்பது வீண். ஆகவே அவர் பாய்ட் அம்மையாரிடம் கற்ற வழியில் புதிய விளையாட்டுகளை வகுக்கலானார். இல்லாத கயிற்றை இரு பக்கமும் பிடித்து இழுப்பார்கள். இழுப்பவர் கை கயிற்றின் கனத்தை உணருமானால் பார்ப்பவர் கண்ணுக்கும் கயிறு தெரியும். ஒருவர் செய்வதை எதிரே நிற்பவர் கண்ணாடியாக நின்று செய்வார். சற்று நேரத்தில் யார் செய்கிறார், யார் பிரதிபலிக்கிறார் என்பதே மறைந்துபோகும். அர்த்தமற்ற ஒலிகளாலேயே பேசித் தன் கருத்தை எதிரே நிற்பவருக்கு உணர்த்தும் விளையாட்டும் உண்டு; இத்தாலியச் சிறுவனுக்கும் யூதச் சிறுமிக்கும் அது எத்தகைய விடுதலையாக இருந்திருக்கும்! ஆசிரியர் ஓரமாக நின்று, ஆட்டத்தை நிறுத்தாமல், “கயிற்றைப் பார்” என்பது போன்ற ஒரு வார்த்தையால் கவனத்தை மாத்திரம் திருப்புவார். நன்று என்றும் தீது என்றும் தீர்ப்புக் கூறமாட்டார். பிறருடைய மெச்சுதலுக்கு ஏங்குவதும் கண்டனத்துக்கு அஞ்சுவதுமே மனிதனுடைய சுயமான சக்தியைக் கட்டிப்போடும் தளைகள் என்று உறுதியாக நம்பியவர் அவர்.

இந்த முறை முழுவதையும் 1963-ல் அவர் நூலாக வெளியிட்டார். அதைப் படித்தபோது என்னை வியப்பில் ஆழ்த்திய விஷயம், சிரிக்கவைப்பது எப்படி என்பது அவர் நோக்கமாகவே இல்லை என்பதுதான். யார், எங்கே, என்ன செய்கிறார் என்ற மூன்றில் கவனத்தை நிறுத்தினால் போதும்; ஹாஸ்யம் தேடாமல் வரும். இன்றும் இவ்வரங்குகளில் விகடம் பண்ண முயலும் நடிகர் சலிப்பூட்டுவதும், எதிரே இருப்பவரை உண்மையாகக் கேட்கும் நடிகர் சபையைக் குலுங்கவைப்பதும் இதனால்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஹால்ஸ்டெட் வீதிக்குச் சென்று பார்த்தேன். 1960-களில் சர்வகலாசாலை வளாகம் ஒன்றுக்காக அந்தக் கட்டிடங்களில் இரண்டு நீங்கலாக மற்றவை இடிக்கப்பட்டன. எஞ்சியவை காட்சிசாலையாக உள்ளன. ஜேன் ஆடம்ஸ் அங்கே கௌரவத்தோடு நினைவுகூரப்படுகிறார். உலகெங்கும் சிரிப்பொலி எழுப்பும் ஒரு கலை இந்தச் சுவர்களுக்குள் வளர்ந்தது என்பதை நினைக்க எனக்கு மெய்சிலிர்த்தது.

இங்கிலாந்தில் கீத் ஜான்ஸ்டன் இதே கலையைத் தனியே கண்டடைந்தது வேறொரு கதை. 1968 வரையில் அங்கே நாடகப் பிரதியை லார்ட் சேம்பர்லேன் என்ற அதிகாரியிடம் முன்கூட்டியே சமர்ப்பித்து அனுமதி பெற வேண்டும். பிரதியே இல்லாத நாடகத்துக்கு அனுமதி எங்ஙனம்? பின்னர் கானடாவின் கால்கரி நகரம் சென்று, குழுக்கள் போட்டியிட்டு ஆடும் ‘தியேட்டர்ஸ்போர்ட்ஸ்’ என்ற முறையை அவர் வளர்த்தார்.

சிகாகோவில் மூண்ட விவாதம் வேறு. ஆசுநாடகம் காட்சிகளை உற்பத்தி செய்யும் கருவியே, அதுவே ஒரு கலைவடிவம் ஆகாது என்பது சாலின்ஸின் கட்சி. கலைதான் என்று வாதித்தவர் டெல் குளோஸ். 1967-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில், ஒரே சொல்லிலிருந்து பல காட்சிகள் கிளைத்து இறுதியில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் ‘ஹெரால்ட்’ என்ற நீண்ட வடிவத்துக்கு வழிகோலியவர் அவர். 1981-ல் ஷெப்பர்டும் ஷார்னா ஹால்பர்னும் தொடங்கிய ‘இம்ப்ராவ் ஒலிம்பிக்’கில் பின்னர் சேர்ந்து, அந்த வடிவத்தை ஒரு தலைமுறைக்கே போதித்தார். நான் குளோஸின் பக்கம் சாய்பவன். எழுதிச் செம்மை செய்த காட்சியில் நடிகரின் திறமையைக் காண்கிறோம்; ஹெரால்டிலோ இரு மனங்கள் ஒன்றையொன்று கண்டுகொள்வதையே காண்கிறோம்.

அந்தத் தலைமுறை அரங்குகள் நிலைத்தது எவ்வாறு என்பதையும் விசாரித்தேன். குறைந்த விலை டிக்கெட்டால் வாடகை கட்டி மாளாது. பார்க்க வந்தவர்களே மாணவர்களாகச் சேர்ந்து கொடுத்த வகுப்புக் கட்டணம்தான் பெரும்பாலும் விளக்கை எரியவைத்தது. சிகாகோவிலிருந்து நியூயார்க் சென்ற ‘அப்ரைட் ஸிட்டிஸன்ஸ் பிரிகேட்’ குழுவினர் 1999-ல் திறந்த அரங்கை, 2002-ல் கட்டிட அதிகாரிகள் மூடினார்கள். பிறகு ஒரு பலசரக்கு அங்காடிக்குக் கீழே நிலவறையில் நடத்தினார்கள். அங்கும் வகுப்புகளே முதுகெலும்பு. மேடையில் ஆடியவர்களுக்குச் சம்பளம் இல்லை என்பதைப் பற்றிப் பெரிய சர்ச்சையும் எழுந்தது. அந்தச் சர்ச்சை நியாயமானது. உழைப்புக்குக் கூலி தராத அரங்கை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் வகுப்பை வியாபாரத் தந்திரம் என்று இகழ்வோர் இதன் வம்சாவளியை அறியாதவர்கள். அரங்கத்துக்காக வகுப்பு ஏற்படவில்லை. வகுப்பிலிருந்துதான் அரங்கம் பிறந்தது.

இதைப் பால் சில்ஸ் நன்கு அறிந்திருந்தார். செகண்ட் ஸிட்டி கீர்த்தி பெற்றிருந்த காலத்திலேயே அதைவிட்டு விலகி, 1965-ல் தாயாரோடு சேர்ந்து ‘கேம் தியேட்டர்’ என்ற ஒன்றைச் சிகாகோவில் ஆரம்பித்தார். அங்கே சபையோர் யோசனை சொல்வதோடு நில்லாமல், எழுந்து வந்து தாங்களும் விளையாடலாம். அது நெடுநாள் நீடிக்கவில்லை. பின்னர் கிராமியக் கதைகளை நாடகமாக்கி 1970-ல் பிராட்வேயில் பெரும் வெற்றி கண்டும், சில்ஸ் கடைசியில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் தம் பண்ணை வீட்டில் தங்கி, கோடைதோறும் வருவோருக்கு அந்த விளையாட்டுகளையே கற்றுக்கொடுத்துவந்தார்.