மஞ்சள் படிந்த படங்கள்

கோவில்பட்டியில் இருந்துகொண்டு போட்டோ கழுவுவதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள ஒரு மனிதருக்குக் கொஞ்சம் திமிர் வேண்டும். என் தாய்மாமாவுக்கு அது இருந்தது. எழுபதுகளின் கடைசி. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. எங்கள் வளவில் ஆறு வீடுகள்; ஆறு வாசலிலும் குடங்கள் வரிசை கட்டி நிற்கும். கிணற்றுத் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீரை வண்டியில் கொண்டுவந்து குடத்துக்கு இவ்வளவு என்று விற்பார்கள். அப்படிக் காசு கொடுத்து வாங்கியதில் ஒரு குடத்தை, ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, மாமா அடுப்படிக்குள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

"குடிக்கத் தண்ணியக் காணோம், இவுக படத்தக் குளிப்பாட்டப் போயிட்டாக" என்று அத்தை பாயில் படுத்தபடியே சொல்வாள். கோபம் மாதிரிதான் இருக்கும். மறுநாள் ஒரு குடம் கூடுதலாக வாங்கி வைப்பதும் அவள்தான்.

மாமா பஞ்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தார். வைத்திருந்தது ஆக்ஃபா கிளிக் த்ரீ. பரோடாவில் செய்த கேமரா, மாதச் சம்பளக்காரர் துணிந்து வாங்கக்கூடியது. திருகவும் திருப்பவும் அதில் அதிகமாக ஒன்றும் கிடையாது. வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு அழுத்த வேண்டியதுதான். முதுகில் சிவப்புக் கண்ணாடி போட்ட சின்ன ஜன்னல். குமிழைத் திருகினால் அதற்குள் எண் மெல்ல நகர்ந்து வந்து நிற்கும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். முடிந்ததும் ரோலின் கடைசியில் இருக்கும் காகிதப் பட்டையை நாக்கால் நனைத்து ஒட்ட வேண்டும். அந்தப் பசையின் ருசிக்காகவே "மாமா, நான் ஒட்டுதேன்" என்று முந்துவேன்.

ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967இல் உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. அங்கே செய்த 'இந்து' பிலிமைப் பற்றிப் பேசும்போது மாமாவின் நெஞ்சு நிமிரும். "நம்ம ஊட்டியில செஞ்சதாக்கும்" என்பார். ஆனால் முக்கியமான படம் என்றால் அவர் கை கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ ரோல் பக்கம்தான் போகும். தேசபக்திக்கும் ஒரு வரம்பு உண்டு போலிருக்கிறது.

அந்தக் கேமராவில் ஒரு பிடிவாதம் இருந்தது. ஏறக்குறைய பத்தடிக்குள் எதைப் பிடித்தாலும் கலங்கிவிடும். ஃபோகஸ் மாற்ற வழியே இல்லை. ஆகவே மாமா யாரையும் நெருங்கிப் போய் எடுத்ததில்லை. ஆளை நிற்கவைத்துவிட்டு, பின்னாலேயே நாலு எட்டு நடந்து, கேமராவைக் கண்ணோடு ஒட்டவைத்து மூச்சடக்கி அழுத்துவார். பத்தடி தள்ளி நின்றால் ஆளோடு சேர்ந்து மற்றதெல்லாமும் வந்து விழும்: வாசல்படி, திண்ணை, கால்மாட்டில் மேயும் கோழி, கொடியில் காயும் பாவாடை, பக்கத்து வீட்டுக் கதவு இடுக்கில் எட்டிப் பார்க்கும் முகம். ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் திரைச்சீலையில் தாஜ்மகாலோ பூந்தோட்டமோ இருக்கும். மாமாவின் படத்தில் எங்கள் வளவு இருந்தது. ஏழை லென்ஸ் செய்த உபகாரம் அது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அவரிடம் நல்ல கேமரா இருந்திருந்தால் முகத்தை மட்டும் அள்ளிக்கொண்டு வந்திருப்பார்.

பிலிம் கழுவுவதற்குக் கும்மிருட்டு வேண்டும். அடுப்படி ஜன்னலில் கம்பளி, கதவு இடுக்கில் பழைய சேலை. உள்ளே அவர் ரோலின் இரண்டு நுனிகளையும் இரு கைகளில் பிடித்து, டெவலப்பர் ஊற்றிய தட்டில் ஏற்றியும் இறக்கியும் ஆட்டிக்கொண்டே நிற்பார். கடிகாரம் பார்க்க முடியாது. அதற்கு நான். கதவுக்கு வெளியே அலாரம் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, "மாமா, மூணு... மாமா, நாலு" என்று நிமிஷத்தைக் கூவுவேன். எங்கள் ஊர்ச் சூட்டில் டெவலப்பர் அவசரப்படும். பிலிமின் மேல் பூச்சு இளகி வழுக்கிக்கொண்டு வந்துவிடும் ஆபத்தும் உண்டு. அதனால் மருந்தைக் கலக்க மண்பானைத் தண்ணீர். எந்த மாதத்தில் எத்தனை நிமிஷம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஐப்பசிக் கணக்கு வேறு, சித்திரைக் கணக்கு வேறு.

பிரிண்ட் போடும் நாளில் உள்ளே நுழைய எனக்கு அனுமதி கிடைத்தது. சிவப்பு ஜீரோ வாட் பல்பு. மூன்று பிளாஸ்டிக் தட்டுகள். பழுப்புப் பாட்டில்களில் மருந்து. ஹைப்போ உப்பைக் கரைப்பது என் வேலை. பார்க்கக் கல்கண்டு போலிருக்கும். கரையக் கரையத் தண்ணீர் சில்லென்று குளிர்ந்துகொண்டே போகும். வெயில் உறைந்து கிடக்கும் அந்த அடுப்படியில், வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நிற்பது எனக்கு ஐஸ் வாங்கித் தின்பதைவிடப் பெரிய சுகம். ஒரு தீபாவளி போனஸில் ஒரு ஸ்டுடியோ கழித்துப் போட்ட என்லார்ஜரை வாங்கிவந்தார் மாமா. அதற்கு முன் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சதுரங்களாக இருந்த எங்கள் முகங்கள் அன்றைக்குத்தான் வளர்ந்தன. வெள்ளைத் தாள் டெவலப்பருக்குள் அமிழும். முதலில் தலைமுடி, அப்புறம் கண், கடைசியில் வேட்டியின் மடிப்பு. "வந்துட்டா, வந்துட்டா" என்று மாமா முணுமுணுப்பார், ஆள் ரயிலில் வந்து இறங்குவதைப் போல.

கடைசி வேலை அலசுவது. ஹைப்போ போகும்வரை ஓடும் தண்ணீரில் வெகுநேரம் அலச வேண்டும் என்பது விதி. ஓடும் தண்ணீருக்கு எங்கே போவது? வாளி மாற்றி வாளி என்று நாலைந்து அலசல். அந்தத் தண்ணீரும் வீணாகாது, கக்கூசுக்குப் போகும். சரியாக அலசாத படத்தில் வருஷங்கள் கழித்து மஞ்சள் படியும். மழை பெய்த வருஷத்துப் படங்கள் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கின்றன. வறண்ட வருஷத்துப் படங்கள் ஓரத்திலிருந்து பழுத்துக்கொண்டு வருகின்றன. தேதி எழுதாத படத்தைக்கூட நிறத்தை வைத்து எந்தக் கோடை என்று என்னால் ஓரளவு சொல்லிவிட முடியும்.

படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பேச்சு அப்போதும் இருந்தது. வளவில் பாதி வீடுகளில் மாட்டியிருந்தது ஒரே ஒரு படம், அதுவும் செத்தபின் எடுத்தது. ஆள் போனதும் ஸ்டுடியோக்காரரைக் கூட்டிவருவார்கள். உடம்பை நாற்காலியில் சாய்த்து, நாடிக்கட்டு கட்டி, மாலை போட்டு, இரண்டு பக்கமும் பிள்ளைகளை நிறுத்தி எடுப்பார்கள். பேரன் பேத்திகளுக்குத் தாத்தா என்றால் மூக்கில் பஞ்சு வைத்த அந்த முகம்தான். மாமா சாவு வீட்டுக்குக் கேமராவை எடுத்துக்கொண்டு போகமாட்டார். கூப்பிட்டு ஆள் வந்தாலும் மாட்டார். "உசுரோட இருக்கும்போது எத்தன தடவ கேட்டேன், நிக்கமாட்டேன்னாக" என்பார். சில பேருக்கு அது மனவருத்தமாகவும் இருந்தது.

பக்கத்து வீட்டு ஆச்சி நிற்காமல் தப்பித்தே வந்தவள். திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவாள். தீப்பெட்டி ஆபீசிலிருந்து அடைக்கட்டும் தாளும் வந்து இறங்கும். ஒட்டிக் கொடுத்தால் கணக்குப் பார்த்துக் காசு. தோள் வரை தொங்கும் காது, ஆனால் வெறுங்காது. பாம்படம் அடகுக்குப் போய் மூழ்கிவிட்டிருந்தது. "மூளிக் காதோட நிக்கச் சொல்லுதியா" என்று விரட்டுவாள். ஒரு நாள் பசை கிண்டிக்கொண்டே யாரையோ திட்டிச் சிரித்தபோது மாமா பத்தடி தள்ளி நின்று எடுத்துவிட்டார். பிரிண்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். "யாருட்டி இந்தக் கிழவி?" என்றாள். அப்புறம், "காதுல ஒண்ணும் இல்லாமப் புடிச்சிட்டானே பாவி."

மாமா இன்னொரு பிரிண்ட் போட்டார். காய்ந்ததும் பிளேடு நுனியால் காதோரத்துக் கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, வெள்ளைச் சாயத்தை ஒற்றை மயிர்ப் பிரஷ்ஷால் தொட்டு, இரண்டு காதிலும் பாம்படத்தைத் தொங்கவிட்டார். கூர்ந்து பார்த்தால் இடது காது நகை கொஞ்சம் கோணல். அதை ஆச்சி கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினாள். மற்றதை டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கிழித்துப் போடவில்லை.

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. சூரிய கிரகணம். கர்நாடகம், ஆந்திரம் பக்கம் முழுசாக மறைத்தது. எங்களுக்குக் குறைக் கிரகணம்தான். தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. நெகட்டிவ் வழியாகச் சூரியனைப் பார்க்கலாம் என்று எவரோ கிளப்பிவிட, கறுத்த பிலிம் துண்டு கேட்டு ஒரு கூட்டம் மாமாவைத் தேடி வந்தது. கண் அவிந்துபோகும் என்று ஒருவருக்கும் கொடுக்காமல் விரட்டிவிட்டார். பிற்பகலில் என்னைக் கூப்பிட்டுப்போய் வேப்பமரத்தடியில் நிறுத்தினார். இலை இடுக்குகள் வழியாகத் தரையில் விழும் வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் பிறைகளாக இருந்தன. நூற்றுக்கணக்கில், மண்மேல், என் பாவாடைமேல், அவருடைய கைமேல். அந்த ரோலில் மிச்சமிருந்த படங்களை அந்தத் தரைக்கே செலவழித்தார். வானத்தை எடுக்கலையா என்று கேட்டேன். "அதப் பெரிய ஆளுக எடுப்பாக" என்றார்.

வங்கி வேலைக்கு வந்து, சொந்தச் சம்பளத்தில் கேமரா வாங்கி, மதுரையில் போட்டோகிராபி ஆர்வலர்களோடு பழக ஆரம்பித்தபோது நான் வேறோர் உலகத்தைப் பார்த்தேன். ஞாயிறு விடிகாலையில் கூட்டமாகக் கிளம்பிப்போவார்கள். நல்லவர்கள், உழைப்பாளிகள், வெளிச்சம் பற்றி எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தவர்கள். ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் எல்லாருக்கும் கிழவி வேண்டும். தூரத்திலிருந்து டெலி லென்ஸில் இழுத்து, முகத்துச் சுருக்கம் சட்டம் முழுக்க வருகிற மாதிரி. அவள் எந்த ஊர், என்ன பேர், எதற்குச் சிரித்தாள், ஒன்றும் தெரியாது. பரிசு வாங்கும் கிழவிகளில் எத்தனை பேர் கைக்கு அந்தப் படம் போய்ச் சேர்ந்திருக்கும்? எனக்கும் இரண்டொரு சான்றிதழ்கள் கிடைத்தன. கொஞ்ச காலத்தில் அலுத்துப்போய்க் கேமரா பீரோவுக்குள் போய்விட்டது. எதை எடுப்பது என்று தெரியாத அலுப்பு அல்ல அது. யாருக்காக என்பதுதான்.

இடைசெவல் எங்கள் ஊருக்குப் பக்கம். அங்கே பிறந்த எழுத்தாளர் கி.ரா.வைப் புதுவை இளவேனில் வருஷக்கணக்காக எடுத்த படங்களைப் பிற்பாடு பார்த்தேன். ஒரே மனிதரிடம் மறுபடி மறுபடி போய்க்கொண்டிருந்தால்தான் அப்படி அமையும். மாமா செய்ததும் அதுதானே என்று அப்போது பட்டது. அவர் வளவை விட்டு வெளியே போகவே இல்லை. ஆறு வீடு, பத்தடி தூரம், அதே முகங்கள். ஒரே பிள்ளையைத் தொட்டிலில், டவுசரில், கல்யாண வேட்டியில் எடுத்திருந்தார்.

மாமா போனபின் நெகட்டிவ்கள் என்னிடம் வந்தன. பட்டர் பேப்பரில் சுற்றி, மருந்து நோட்டோடு சேர்த்து, அத்தைதான் கொடுத்தனுப்பினாள். "வச்சுக்கிட்டு என்ன செய்யன்னு தெரியல, கேட்டு ஆள் வந்துக்கிட்டே இருக்கு" என்றாள். நிஜமாகவே வருகிறார்கள். வளவு இடிந்து கடைகளாகிவிட்டது. அங்கே இருந்தவர்கள் திருப்பூர், சென்னை, துபாய் என்று சிதறிவிட்டார்கள். யாராவது இறந்தாலோ, தெவசம் வந்தாலோ எனக்கு போன் வரும். கூட்டத்தில் நிற்கும் ஒருத்தியைத் தனியாகப் பிரித்தெடுத்துப் பெரிதாக்கித் தரக் கேட்பார்கள். ஸ்கேன் செய்து பார்த்தால் பத்தடி தள்ளி நின்ற முகம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். அதுவே போதும் என்பார்கள். இப்போது நான் எடுக்கும் படங்களும் இதே வழியில்தான் போகின்றன. எங்கள் தெருவில் அயர்ன் வண்டிக்காரர் குடும்பத்தைப் பல வருஷமாக எடுத்துவருகிறேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு பிரிண்ட் அவர்கள் வீட்டுக்குப் போகும், போன வருஷத்தியதில் பெண் பிள்ளைக்கு முகம் சரியில்லை என்ற புகாரோடு அடுத்த பொங்கல் வரும்.

போன மாதம் அந்த ஆச்சியின் பேரன் வந்திருந்தான். அவனுக்கே தலை நரைத்துவிட்டது. சட்டம் போட்ட படத்தைக் கரையான் அரித்துவிட்டதாம். நான் நெகட்டிவைக் கணினியில் திறந்து காட்டியதும் திகைத்துப்போனான்.

"காதுல பாம்படம் இருக்குமே அக்கா, இது வேற படமா?"

அது மாமா வரைந்தது என்று சொன்னேன். நம்பவில்லை. அவன் தங்கைக்கு வீடியோ காலில் காட்டினான். அவளும் நம்பவில்லை. மாமா செய்ததைப் போல நானும் கணினியில் வரைந்து தந்துவிடலாம்தான். ஆனால் பேச்சு அதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டது. கலர் போட்டுத் தரமுடியுமா, ஆச்சி சேலை அரக்கு என்கிறான் இவன். கரும்பச்சை என்று அங்கிருந்து சாதிக்கிறாள் அவள். இரண்டு பேருமே அந்தச் சேலையில் படுத்துத் தூங்கியவர்கள், நான் எப்படித் தீர்ப்புச் சொல்வது? சித்தியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறான். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று கறுப்பு வெள்ளையில், வெறுங்காதோடு, ஒரு பிரதி போட்டுக் கொடுத்தனுப்பினேன். காசு நீட்டினான், வாங்கவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த கடலைமிட்டாயை மட்டும் எடுத்துக்கொண்டேன்.